சிவில் வழக்கைச் சமரச மையத்தில் முடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சொத்து, கடன், எல்லைத் தகராறு என்று தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் சிவில் வழக்கு நடத்திக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்சிக்காரரோடு முதல் முறையாகச் சமரச அறைக்குப் போகும் இளம் வக்கீல்களுக்கும் பயன்படும்.

மாவட்டந்தோறும் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் இருக்கிறது. நீதிமன்றம் அனுப்பும் வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. பயிற்சி பெற்ற சமரசர் உட்கார்ந்து பேசவைக்கிறார். அப்படியும் நிறைய வழக்குகள் இரண்டு வாய்தாவிலேயே "முடியவில்லை" என்று திரும்பிவிடுகின்றன. பகை ஆழமாக இருந்தால் அப்படித்தான் ஆகும் என்பார்கள். நான் பார்த்தவரை, வரவேண்டிய ஆள் வராமலும், காகிதம் இல்லாமலும், கணக்குப் போடாமலும் வந்தவர்களே அதிகம் திரும்பியிருக்கிறார்கள். இன்னும் சிலர் கையெழுத்துப் போட்டுவிட்டு, எழுதியது அமலுக்கு வராமல் மறுபடி கோர்ட் ஏறுகிறார்கள். இவையெல்லாம் முன்கூட்டியே சரிசெய்யக்கூடியவை.

பாகப்பிரிவினை வழக்கை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். எல்லாச் சிக்கலும் அதில் வந்துவிடும்.

1. வழக்கு சமரசத்துக்கு ஏற்றதா என்று முதலில் பாருங்கள்

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவுதான் வழக்கைச் சமரசத்துக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு வழிகாட்டுகிறது. எவற்றை அனுப்பலாம், எவற்றை அனுப்பக் கூடாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் ஆப்கான்ஸ் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வியாபாரம், ஒப்பந்தம், பாகப்பிரிவினை, கணவன் மனைவி வழக்கு, பக்கத்து வீட்டுக்காரரோடு பாதைத் தகராறு, நஷ்ட ஈடு போன்றவை ஏற்றவை. தேர்தல் வழக்கு, பொதுநலன் சார்ந்த பிரதிநிதித்துவ வழக்கு, கடுமையான மோசடி அல்லது போலிப் பத்திரக் குற்றச்சாட்டு, அரசுக்கு எதிராகச் சொத்துரிமை தனக்கே என்று அறிவிக்கக் கேட்கும் வழக்கு ஆகியவை பொதுவாக ஏற்றவை அல்ல. மைனர், கோயில் தெய்வம், மனநலம் குன்றியவர் என நீதிமன்றத்தின் பாதுகாப்பு தேவைப்படுகிறவர்களுக்கு எதிரான வழக்கும் அப்படித்தான்.

இங்கே ஒரு நுணுக்கம். அப்பா எழுதிய உயில் உண்மையா பொய்யா என்பதைச் சமரச அறையில் யாரும் தீர்மானிக்க முடியாது. ஆனால் அந்தக் கேள்வியைத் தொடாமலே, யாருக்கு எது என்று பிள்ளைகள் பேசி முடிக்கலாம். உயில் தகராறு என்ற ஒரே காரணத்துக்காகக் குடும்ப வழக்கை ஒதுக்கிவிடாதீர்கள்.

2. உட்காரவேண்டிய எல்லோரும் இருக்கிறார்களா

பங்கு உள்ள ஒருவர் வெளியே நின்றால் நீங்கள் போடும் ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது. நாளை அவர் தனியாக வழக்குப் போடுவார். ஆகவே வாரிசுச் சான்றை எடுத்து, பிராதில் (வழக்குத் தொடுத்தவர் தாக்கல் செய்த மனுவில்) உள்ள பெயர்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பாருங்கள். வழக்கு நடக்கும்போது இறந்தவரின் வாரிசுகளைச் சேர்க்காமல் விட்டிருப்பது அடிக்கடி நடக்கிறது. முதலில் அதைச் சேர்த்துவிட்டு அப்புறம் சமரசம் கேளுங்கள்.

"அக்காவுக்கு 1989க்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டது, அவளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கில்லை" என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு வந்த 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம் அப்படித்தான் வைத்திருந்தது. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவுகட்டியது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றம் மூலமோ முடிந்துபோன பாகப்பிரிவினையை மட்டும் அது கலைக்காது. பழைய கணக்கை நம்பி வந்தவர் சமரச அறையில் முதன்முறையாக இதைக் கேட்டால், பேச்சு அன்றைக்கு நின்றுவிடும். முந்தின வாரமே வக்கீல் சொல்லியிருக்க வேண்டும்.

மைனர் பங்குதாரர் இருந்தால், அவருக்காகச் சமரசம் செய்ய நீதிமன்றத்தின் அனுமதி தனியாக வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 32 விதி 7 அப்படிச் சொல்கிறது. அனுமதி இல்லாத சமரசத்தை மைனர் தரப்பில் பின்னால் ரத்து செய்ய முடியும்.

வெளிநாட்டில் இருப்பவர் பவர் பத்திரம் அனுப்புவார். அதில் "வழக்கு நடத்த" என்று மட்டும் இருந்தால் போதாது, "சமரசம் செய்து கையெழுத்திட" என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே எழுதிய பவருக்கு, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும்.

கடைசியாக, வழக்கில் பெயர் இல்லாத, ஆனால் வீட்டில் முடிவெடுக்கிற ஆள். தங்கையின் கணவராக இருக்கலாம், அண்ணனின் மூத்த மகனாக இருக்கலாம். அவரை வீட்டில் விட்டுவிட்டு வந்தால், காலையில் ஒப்புக்கொண்டது ராத்திரி போனில் மாறிவிடும். இரு தரப்பும் சம்மதித்தால் அவரும் அறையில் உட்காரலாம். குறைந்தது வளாகத்திலாவது இருக்கட்டும்.

3. எந்தக் கட்டத்தில் கேட்பது

எதிருரை (பிராதுக்கு எதிர்த்தரப்பு தரும் பதில்) தாக்கலான பிறகு, எழுவினாக்கள் (நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள்) வனைவதற்கு முன், இதுதான் பொதுவாக நல்ல நேரம் என்று ஆப்கான்ஸ் தீர்ப்பு சொல்கிறது. அப்போது யார் எதை மறுக்கிறார், எதை ஒப்புக்கொள்கிறார் என்பது தெரிந்துவிடும். சாட்சி விசாரணைச் செலவும் இன்னும் தொடங்கியிருக்காது. குடும்ப வழக்கில் இன்னும் முன்னால், எதிர்த்தரப்புக்குச் சம்மன் போய்ச் சேர்ந்ததுமே போவது நல்லது. எதிருரையில் எழுதும் குற்றச்சாட்டுகளே புதுப் பகையாகிவிடும் என்பதுதான் காரணம். என்னைக் கேட்டால் பாகப்பிரிவினைக்கும் இதே விதியைத்தான் சொல்வேன்.

நீதிபதி தானாக அனுப்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வக்கீல் மெமோ போட்டுக் கேட்கலாம். எதிர்த்தரப்பு வக்கீலிடம் முன்பே ஒரு வார்த்தை பேசிவைத்தால் மெமோ சண்டையாகாது. சமரசம் கேட்டால் நம் வழக்கு பலவீனம் என்று எதிரி நினைப்பாரோ என்ற பயம் பலருக்கு உண்டு. "89ஆம் பிரிவின்படி அனுப்பக் கோருகிறோம்" என்று ஒரு வரி எழுதுங்கள், அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

மேல்முறையீட்டிலும் கேட்கலாம். காலம் கடந்துவிட்டது என்று எதுவும் இல்லை.

இடைக்காலத் தடை வாங்கியிருந்தால் அது தொடர்கிறதா என்று அன்றைக்கே உறுதிசெய்துகொள்ளுங்கள். பேச்சு நடக்கும்போது ஒருவர் சுவர் எழுப்பத் தொடங்கினால் அத்தோடு எல்லாம் போச்சு.

வியாபார வழக்குக்கு வழி வேறு. ரூ.3 லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிகத் தகராறில், அவசர இடைக்கால நிவாரணம் தேவைப்படாவிட்டால், வழக்குப் போடுவதற்கு முன்பே சமரசத்துக்குப் போயாக வேண்டும். வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவு அது. போகாமல் தாக்கல் செய்த பிராது நிராகரிக்கப்படும் என்று 2022இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சமரசத்துக்குச் செலவாகும் காலம், வழக்குப் போடுவதற்கான காலவரையறையில் கழிக்கப்படும். ஆனால் ஊர்ப் பெரியவர்களை வைத்து வீட்டில் பேசிக்கொண்டிருக்கும் காலம் கழியாது. கடன் வசூலுக்கு மூன்று வருடம்தான். "பேசிக்கொண்டுதானே இருக்கிறோம்" என்று அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் கையில் அப்புறம் பேரம் பேச எதுவும் மிஞ்சுவதில்லை.

4. காகிதங்களைச் சேகரியுங்கள்

மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, வங்கிக் கடன் இருந்தால் இன்றைய பாக்கி, வாடகைக்கு விட்டிருந்தால் ஒப்பந்தம். இதெல்லாம் கோர்ட் கட்டில் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கட்டில் இருப்பது வழக்குப் போட்ட நாளின் நிலைமை. நேற்று எடுத்த வில்லங்கச் சான்றில் புதிதாக ஒரு அடமானம் தெரியவரலாம்.

பட்டாவில் இருக்கும் பரப்பும் பத்திரத்தில் இருக்கும் பரப்பும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பல நிலங்களில் ஒத்துப்போகாது. அப்படியானால் பேச்சுக்கு முன்பே நில அளவரை வைத்து அளந்துவிடுவது மேல். அளக்காமல் "தென்புறம் பாதி" என்று ஒப்புக்கொண்டால், கல் நடும் நாளில் புதுத் தகராறு பிறக்கும்.

எல்லாவற்றையும் ஒரே தாளில் சுருக்குங்கள்: சொத்து, சர்வே எண், பரப்பு, யார் கைவசம், என்ன கடன். சமரசருக்கும் எதிர்த்தரப்புக்கும் அதே தாள். எல்லோரும் ஒரே கணக்கைப் பார்த்துப் பேசுவது பாதி வேலையை முடித்துவிடும்.

5. சமரசம் ஆகாவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள்

பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் படி இது. "எனக்கு எவ்வளவு வேண்டும்" என்று மட்டும் யோசித்துக்கொண்டு வருகிறார்கள். அதை எதனோடு ஒப்பிடுவது என்று யோசிப்பதில்லை.

பாகப்பிரிவினை வழக்கில் ஜெயித்தாலும் முதலில் கிடைப்பது முதனிலைத் தீர்ப்பாணை. யாருக்கு எத்தனை பங்கு என்று மட்டும் அது சொல்லும். அப்புறம் இறுதித் தீர்ப்பாணைக்கு மனு, வக்கீல் ஆணையர் நியமனம், அளவை, அவர் அறிக்கைக்கு ஆட்சேபணை, இடையில் மேல்முறையீடு, கடைசியில் சுவாதீனம் கேட்டு நிறைவேற்று மனு (தீர்ப்பாணையை அமல்படுத்தக் கேட்கும் மனு). பிரிக்க முடியாத சின்ன வீடாக இருந்தால் விற்றுப் பணத்தைப் பிரிக்கச் சொல்லவும் நீதிமன்றத்தால் முடியும். அந்த வீடு யாருக்காவது உயிராக இருந்தால், அவர் இதைக் கட்டாயம் தெரிந்துகொண்டு வரவேண்டும்.

இதற்கெல்லாம் எத்தனை வருடம், எவ்வளவு செலவு, அதுவரை வாடகை யார் கைக்குப் போகும் என்று வக்கீலோடு உட்கார்ந்து எழுதுங்கள். தோற்கும் வாய்ப்பையும் சேர்த்து எழுதுங்கள். "கண்டிப்பாக ஜெயித்துவிடுவோம்" என்று மட்டுமே கேட்டுப் பழகிய கட்சிக்காரர் எந்தத் தொகைக்கும் இறங்கமாட்டார். அதில் அவர் தவறு ஒன்றுமில்லை, யாரும் அவருக்கு முழுக் கணக்கைக் காட்டவில்லை.

அப்புறம் மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: விடவே முடியாதது, விட்டுக்கொடுக்கக்கூடியது, எதிர்த்தரப்புக்கு முக்கியமாக இருந்து உங்களுக்குச் சின்னதாகத் தெரிவது. மூன்றாவதில்தான் பல வழக்குகள் முடிகின்றன. கிணற்றில் தண்ணீர் எடுக்கும் முறை, குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழி, அம்மாவை யார் பார்த்துக்கொள்வது. இவற்றைப் பிராதில் யாரும் எழுதுவதில்லை, தீர்ப்பிலும் வராது. ஆனால் சண்டை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

6. அறைக்குள் என்ன நடக்கும்

சமரசர் தீர்ப்புச் சொல்லமாட்டார். அவரை நீதிபதி என்று நினைத்துக்கொண்டு எதிரியின் குற்றங்களை நிரூபிக்கவே நேரத்தைச் செலவழிக்கிறவர்கள் உண்டு. அங்கே நிரூபிப்பதால் ஒரு பலனும் கிடையாது. உங்களோடு ஒத்துப்போக வேண்டிய ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறவர்தான்.

முதலில் எல்லோரும் சேர்ந்து உட்காருவார்கள். இரு தரப்பும் நடந்ததைச் சொல்லும். கட்சிக்காரரே தன் வாயால் பேசட்டும், வக்கீல் முந்திக்கொள்ள வேண்டாம். "அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ எட்டிப்பார்க்கவில்லை" என்று அக்கா அழலாம். அதை இடைமறிக்காமல் கேளுங்கள். வருடக்கணக்காக வாய்தாவுக்கு வந்தும் இதைச் சொல்ல அவருக்கு இடம் கிடைத்திருக்காது. சொல்லி முடித்த பிறகுதான் எண்களைக் காதில் வாங்குவார்.

அடுத்து சமரசர் ஒவ்வொரு தரப்பையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். அங்கே நீங்கள் சொல்வதை உங்கள் அனுமதி இல்லாமல் எதிர்த்தரப்பிடம் சொல்லமாட்டார். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று வெளியே வருவதற்கு முன் தெளிவாகக் கூறிவிடுங்கள். எதிர்த்தரப்போடு அவர் அதிக நேரம் பேசினால் பக்கம் சாய்கிறார் என்று எண்ண வேண்டாம். இறங்கிவரக் கஷ்டப்படுகிறவரோடுதான் நேரம் ஆகும்.

அறையில் பேசியது அறையோடு. பேச்சு முறிந்தால், முடியவில்லை என்று மட்டுமே சமரசர் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும், யார் என்ன சொன்னார் என்று எழுதக் கூடாது. 2010இல் மோத்தி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. ஆகவே ஒரு தொகையைச் சொல்லிப்பார்க்க பயப்படாதீர்கள். அதே காரணத்தால் போனில் பதிவு செய்யவும் கூடாது.

மதிப்பில்தான் அடிக்கடி முட்டும். வாங்குகிறவர் வழிகாட்டி மதிப்பைச் சொல்வார், விடுகிறவர் சந்தை விலையைச் சொல்வார். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரே மதிப்பீட்டாளரை வைப்பது ஒரு வழி. இன்னொன்று, ஒருவர் சொத்துகளை இரண்டு கூறாகப் பிரிக்கட்டும், மற்றவர் முதலில் எடுத்துக்கொள்ளட்டும். பிரிக்கிறவர் தானாகவே நியாயமாகப் பிரிப்பார்.

ஒரே நாளில் முடிக்கத் துடிக்க வேண்டாம். ஆனால் அடுத்த தேதிக்குள் யார் என்ன செய்வது என்று எழுதிக்கொண்டு எழுந்திருங்கள். வெறுமனே தள்ளிவைத்தால் அதுவும் இன்னொரு வாய்தாவாகிவிடும்.

7. நிபந்தனைகளை எழுதுவது

ஒப்புக்கொண்ட சந்தோஷத்தில் அவசரமாக எழுதும் இரண்டு பக்கம்தான் பின்னால் ஆளைக் கொல்லும். அன்றைக்கே எழுதுங்கள், ஆனால் ஆற அமர எழுதுங்கள். சமரச அடிப்படையில் வரும் தீர்ப்பாணை மீது மேல்முறையீடு கிடையாது. அந்தச் சமரசம் சட்டப்படி செல்லாது என்று தனி வழக்கும் போட முடியாது. ஆட்சேபணை இருந்தால் அதே நீதிமன்றத்தில்தான் போய் நிற்க வேண்டும். எனவே கையெழுத்துப் போடுகிறவருக்கு அவருக்குப் புரியும் தமிழில் வரிவரியாகப் படித்துக்காட்டுங்கள்.

ஒவ்வொரு நிபந்தனையையும் எழுதிவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: இதை அவர் செய்யாவிட்டால் நிறைவேற்று மனுவில் நான் என்ன கேட்பேன்? பதில் வராவிட்டால் அந்த வரி உதவாது.

"தம்பி அண்ணனுக்கு உரிய தொகையைக் கொடுக்கச் சம்மதிக்கிறார்" என்பது உதவாத வரி. எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்கில், தவறினால் என்ன வட்டி, எத்தனை நாள் பொறுத்து எந்த விளைவு என்று இருக்க வேண்டும். வரிசையும் முக்கியம். பணம் முதலா சாவி முதலா என்று எழுதாவிட்டால் இருவரும் மற்றவருக்காகக் காத்திருப்பார்கள். இரண்டும் ஒரே நாளில், சமரச மையத்திலேயோ சார்பதிவாளர் அலுவலகத்திலேயோ நடக்கும்படி எழுதுவது நல்லது.

சொத்து விவரத்தில் சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை, அளவு எல்லாம் வேண்டும். வரைபடம் இணைத்து அதிலும் கையெழுத்து வாங்குங்கள். பட்டா மாற்றத்துக்கு யார் விண்ணப்பிப்பது, மின் இணைப்பு யார் பெயருக்கு, வரி பாக்கி யாருடையது, மூலப்பத்திரம் யாரிடம் இருக்கும், மற்றவர் கேட்டால் காட்ட வேண்டுமா என்பதையும் விடாதீர்கள். குடியிருப்பவர் இருந்தால் முன்பணத்தைத் திருப்பித்தருவது யார் பொறுப்பு என்று எழுதுங்கள்.

"மூன்று மாதத்தில் சுவரை இடித்துத் தருகிறேன்" போன்ற நிபந்தனை இருந்தால் காலண்டரில் குறித்துவையுங்கள். பொதுவாகத் தீர்ப்பாணையை நிறைவேற்ற 12 வருடம் உண்டு. இப்படி ஒன்றைச் செய்தே ஆக வேண்டும் என்று சொல்லும் செயலுறுத்துக் கட்டளைக்கு மூன்றே வருடம்.

இரு தரப்புக்கும் இடையே வேறு வழக்குகள் இருந்தால் எண்ணோடு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் யார் எப்போது வாபஸ் வாங்குவது என்று எழுதுங்கள். போலீஸ் வழக்கு இருந்தால் கவனம்: சமரசம் செய்யத்தக்க குற்றம் என்றால் அந்த நீதிமன்றத்திலேயே முடிக்கலாம், அல்லாதவற்றுக்கு உயர் நீதிமன்றம் போய் ரத்து செய்யக் கேட்க வேண்டும். அது கிடைக்குமா என்பது உங்கள் கையில் இல்லை. "வழக்கை ரத்து செய்து தருகிறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், "ரத்து மனுவுக்குச் சம்மதப் பிரமாணப் பத்திரம் தருகிறேன்" என்று எழுதுங்கள்.

8. நீதிமன்றத்தில் முடிக்கும் வேலைகள்

ஒப்பந்தத்தில் கட்சிக்காரர்களும் வக்கீல்களும் கையெழுத்திட்டு, மையம் அதை நீதிமன்றத்துக்கு அனுப்பும். குறித்த தேதியில் எல்லோரும் நேரில் வாருங்கள். மனமொப்பித்தான் கையெழுத்திட்டீர்களா என்று நீதிபதி கேட்பார். கட்டளை 23 விதி 3இன் கீழ் பதிவுசெய்து தீர்ப்பாணை வழங்கிய பிறகுதான் அதற்குப் பலம். மையத்தில் கையெழுத்துப் போட்டதோடு ஊருக்குப் போய்விடுவது பெரிய தவறு.

பிராதின் சொத்து விவரத்தில் இருக்கும் அசையாச் சொத்தைப் பற்றிய சமரசத் தீர்ப்பாணைக்குப் பதிவு கட்டாயமில்லை என்று பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு விலக்களிக்கிறது. பிராதில் இல்லாத வேறு சொத்தையும் பேச்சில் சேர்த்திருந்தால் அதற்கு அந்த விலக்கு இல்லை, பதிவு செய்ய வேண்டும். வழக்கில் இல்லாத ஊர் நிலத்தைக் கடைசி நேரத்தில் உள்ளே இழுக்கும்போது இதை மறந்துவிடுகிறார்கள். பாகப்பிரிவினையின் இறுதித் தீர்ப்பாணைக்கு முத்திரைத்தாளும் வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்று முன்பே பேசிவிடுங்கள்.

நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69ஏ பிரிவில் அதற்கு இடமிருக்கிறது. கட்சிக்காரர்கள் தாங்களே வெளியில் பேசி முடித்தாலும் அந்தச் சலுகை உண்டு என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சென்னை உயர் நீதிமன்றத்தின் கருத்தை உறுதிசெய்தது. பண வழக்கில் கட்டணம் 3 சதவீதம் என்பதால் ரூ.10 லட்சம் கேட்டவருக்கு ரூ.30,000 திரும்பும். கூட்டுச் சுவாதீனத்தில் இருப்பதாகச் சொல்லிப் போட்ட பாகப்பிரிவினை வழக்கில் கட்டியதே குறைவு, திரும்புவதும் குறைவுதான். தீர்ப்பாணை வரும் அன்றே இதையும் கேட்டு வாங்குங்கள். பின்னால் தனி மனு போட்டு அலைவது வீண்.

தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலுக்கு அன்றே விண்ணப்பியுங்கள். பட்டா மாற்றத்துக்கும் வங்கிக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

9. பேச்சு முறிந்தால்

வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும். நீங்கள் அறையில் சொன்ன எதுவும் உங்களுக்கு எதிராக வராது. முழுவதும் முடியாவிட்டாலும், ஒத்துப்போனவற்றை மட்டும் எழுதி வாங்கப் பாருங்கள். மூன்று சொத்தில் இரண்டைப் பிரித்துக்கொண்டு ஒன்றுக்கு மட்டும் வழக்காடலாம். அதுவும் வராவிட்டால், எந்த இடத்தில் முட்டியது என்று அன்று மாலையே வக்கீலோடு உட்கார்ந்து குறித்துவையுங்கள். ஆள் வராததாலா, விலையாலா, அளவையாலா? அது சரியாகும்போது, சாட்சி விசாரணைக்கு நடுவிலும்கூட, மறுபடி ஒரு மெமோ போட்டு மையத்துக்குப் போகலாம்.